முளைகட்டிய மாவும் பிள்ளைக் கூழும்

(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெஞ்சு எப்படிப் பதறும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுத்துப் போட்ட அரி தண்ணீரில் கிடக்கும். இரண்டு நாள் போனால் நெல்மணியின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அந்த நெல்லைக் காயவைத்து அரைத்துச் சோறாக்கிப் பாருங்கள். அரிசி நொறுங்கும், சோறு குழைந்து பிசுபிசுவென்று ஒட்டும். வாயில் போட்டால் லேசாக ஓர் இனிப்பு தெரியும். "மொளச்ச நெல்லு சோத்துக்கு ஆகாது" என்று ஒதுக்கி விடுகிறோம்.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? யாரும் சர்க்கரை போடவில்லை. சோறு ஏன் குழைந்தது? தண்ணீரும் அதிகம் ஊற்றவில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். களத்தில் நமக்கு நட்டத்தைக் கொடுத்த அதே வேலையை, அடுப்பங்கரையில் நாமே திட்டமிட்டுச் செய்தால், நம் வீட்டுக் கைக்குழந்தைக்கு நல்ல உணவு கிடைக்கும். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் தானியத்துக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஒரு விதை என்பது ஒரு கருவும், அந்தக் கரு வளரத் தேவையான கட்டுச்சோறும் சேர்ந்தது. அந்தக் கட்டுச்சோறுதான் மாவுச்சத்து. அதைக் கரு அப்படியே தின்ன முடியாது. ஏனென்றால் மாவுச்சத்து என்பது சர்க்கரைக் கண்ணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலியை அறுத்தால்தான் சர்க்கரை வெளியே வரும். அறுப்பதற்கு ஓர் அரிவாள் வேண்டும். விதையில் ஈரம் ஏறியதும் அந்த அரிவாளை அது தானே செய்துகொள்கிறது. அந்த அரிவாளுக்கு நொதி என்று பெயர். மாவுச்சத்தை அறுக்கும் நொதிக்கு அமைலேஸ் என்று பெயர்.

ஒவ்வொரு கண்ணியை அறுக்கும்போதும், அறுபட்ட இடத்தில் ஒரு துளி நீர் போய்ச் சேர்ந்துகொள்கிறது. துளி என்றால் கண்ணுக்குத் தெரிகிற துளி இல்லை. நீரின் மிகச் சிறிய கூறு ஒன்று. நீர் சேர்ந்தால்தான் அறுபட்ட முனை மறுபடி ஒட்டாமல் நிற்கும். இப்படி நீரைக் கொண்டு பெரிய பொருளைச் சிறிய பொருள்களாகப் பகுப்பதைத்தான் நீராற்பகுப்பு என்கிறார்கள். வெறுமனே ஊறவைப்பது நீராற்பகுப்பு ஆகாது. அரிசியை நாள் முழுக்க ஊறவைத்தாலும் மாவுச்சத்து மாவுச்சத்தாகத்தான் இருக்கும். நீரும் வேண்டும், அரிவாளும் வேண்டும்.

சங்கிலியை அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டினால் கிடைக்கிற நடுத்தரத் துண்டுகளுக்கு டெக்ஸ்ட்ரின் என்று பெயர். நுனியிலிருந்து இரண்டு இரண்டு கண்ணியாக வெட்டினால் கிடைப்பது மால்டோஸ் என்ற சர்க்கரை. ஒற்றைக் கண்ணியாகப் பிரிந்தால் குளுக்கோஸ். முளைத்த நெல்லின் இனிப்பு மால்டோஸால் வந்தது. சோறு குழைந்ததற்குக் காரணம், நீண்ட சங்கிலிகள் அறுபட்டுப் போனதுதான்.

இதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து நெடுநாளாயிற்று. 1811-இல் ரஷ்ய நாட்டில் கிர்ச்சாஃப் என்பவர் மாவுச்சத்தை அமிலம் கலந்த நீரில் காய்ச்சிச் சர்க்கரைப் பாகு எடுத்தார். 1833-இல் பிரான்சு நாட்டில் பாயன், பெர்சோ என்ற இருவர், முளைவிட்ட பார்லியிலிருந்து அந்த அரிவாளையே பிரித்தெடுத்தார்கள். அமிலம் இல்லாமல் முளைத் தானியமே அந்த வேலையைச் செய்யும் என்பது அப்போது உறுதியாயிற்று. கடையில் டப்பாவில் விற்கிற மால்ட் பானங்களுக்கெல்லாம் அடிப்படை இதுதான். மால்ட் என்றால் வேறொன்றும் இல்லை, முளைகட்டிக் காயவைத்த தானியம்.

நம்முடைய வாயிலும் இதே அரிவாள் இருக்கிறது. ஒரு பிடி வெறுஞ்சோற்றை விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், மெல்ல இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் செய்கிற வேலை அது. மீதி வேலையைக் குடல் முடிக்கிறது. வைக்கோலிலும் சர்க்கரைக் கண்ணிதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணிகளைப் பூட்டியிருக்கும் விதம் வேறு. அதை அறுக்கிற அரிவாள் நம்மிடம் இல்லை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. அதனால்தான் மாடு வைக்கோலைத் தின்று பிழைக்கிறது, நாம் பிழைக்க முடியவில்லை.

சரி, இதற்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு கூட இணை உணவும் தொடங்க வேண்டும். நம் ஊர்களில் பல குழந்தைகள் ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்துவிட்டு, அதற்குப் பிறகு எடை ஏறாமல் நின்றுவிடுகின்றன. ஒரு வயதில் இருக்க வேண்டிய எடை இருப்பதில்லை. "பல்லு மொளைக்குது, அதான் எளைச்சிருக்கு" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பல்லின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது? கேழ்வரகுக் கூழோ, அரிசிக் கஞ்சியோ இருக்கும். மாவைப் போட்டுக் காய்ச்சினால் கெட்டியாகக் களி மாதிரி ஆகிவிடுகிறது. பல் இல்லாத பிள்ளை அதை விழுங்க முடியாமல் துப்புகிறது. தாய் என்ன செய்வாள்? தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொடுக்கிறாள். பிள்ளை மடமடவென்று குடித்துவிடுகிறது. வயிறும் நிறைந்துவிடுகிறது. ஆனால் நிறைந்தது தண்ணீரால்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தையின் இரைப்பை, அதன் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும். ஏழு கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிதான் உச்ச அளவு. பிள்ளை குடிக்கிற பதத்துக்கு நீர்க்கக் காய்ச்சினால் அந்த டம்ளரில் இருப்பது சுமார் 10 கிராம் மாவு. அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 33 கலோரி. தாய்ப்பால் குடிக்கிற ஒன்பது மாதப் பிள்ளைக்கு இணை உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி தேவை. அப்படியானால் ஒன்பது டம்ளர் கஞ்சி குடிக்க வேண்டும். எந்தப் பிள்ளையால் முடியும்? இதே டம்ளரில் 40 கிராம் மாவு இருந்தால் 130 கலோரி கிடைக்கும். இரண்டேகால் டம்ளரில் கணக்கு நேராகிவிடும். ஆனால் 40 கிராம் மாவு போட்டால் அது கூழ் இல்லை, களி. பிள்ளை தின்னாது.

தண்ணீர் ஊற்றாமல் இந்தக் களியை இளக்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் முளைகட்டிய மாவு. சமைத்து வைத்த கெட்டிக் கூழில் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவைப் போட்டுக் கலக்கினால், ஐந்து பத்து நிமிடத்தில் கூழ் உருகினாற்போல் இளகிவிடும். மாவின் அளவு குறைவதில்லை, கலோரியும் குறைவதில்லை. நீண்ட சங்கிலிகள் அறுபட்டு டெக்ஸ்ட்ரினாகவும் மால்டோஸாகவும் ஆகிவிட்டன, அவ்வளவுதான்.

ஒரு கிராமத்தில் தாய்மார் கூட்டத்தில் இதைச் செய்து காட்டினேன். ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "ஏம்மா, கெட்டியா இருந்த கூழைத் தண்ணியாட்டம் ஆக்கிப்புட்டியே, இதுல சத்து எங்க இருக்கு?" நியாயமான கேள்வி. "பாட்டி, இதுல நான் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலை, நீங்களே பாத்தீங்க. வெல்லக்கட்டி பாகா உருகினா வெல்லம் கொறஞ்சா போகுது?" என்று கேட்டேன். பாட்டி ஒரு கரண்டி வாங்கி வாயில் விட்டுப் பார்த்தார். "அட, வெல்லம் போடாமலே இனிக்குதே!" என்றார். அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி செய்முறைக்கு வருவோம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு நம் சிறுதானியங்களில் மிகவும் ஏற்றது கேழ்வரகு. உங்கள் பக்கம் அதைக் கேப்பை என்பீர்கள், ராகி என்பீர்கள், ஆரியம் என்பீர்கள், எல்லாம் ஒன்றுதான். முளைக்கும்போது அமைலேஸ் நிறைய உண்டாகும். மேலும், அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்றால், கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எலும்பு வளர்கிற வயதுக்கு இதைவிட நல்ல தானியம் ஏது?

ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கு 300 கிராம் கேழ்வரகு போதும். கல், மண் நீக்கி, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். விதைக்காக மருந்து கலந்து வைத்த தானியத்தைத் தவறிக்கூட எடுக்காதீர்கள். காலையில் நீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் தொங்க விடுங்கள். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். மறுநாளே முளை எட்டிப் பார்க்கும். அதற்குள் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். முளை தெரிந்தால் அரிவாள் தயாராகிவிட்டது என்று பொருள் இல்லை. இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம் கட்டி வைத்தால்தான் போதுமான நொதி சேரும். அதற்கு மேல் நீட்டவும் வேண்டாம், முளை வளர வளர மாவைத் தின்றுவிடும்.

பிறகு சுத்தமான துணியில் மெல்லிசாகப் பரப்பி நல்ல வெயிலில் மொரமொரவென்று காயவையுங்கள். உள்ளங்கையால் தேய்த்தால் முளையும் வேரும் உதிர்ந்துவிடும், புடைத்து விடுங்கள். அரைத்துச் சலித்து, ஈரம் படாத டப்பாவில் இறுக மூடி வையுங்கள். மாதம் ஒரு முறை புதிதாகச் செய்துகொள்வது நல்லது.

இங்கே ஒரு முக்கியமான சங்கதி. நம் வீடுகளில் எந்த மாவானாலும் வாசனைக்காகச் சிவக்க வறுத்து அரைக்கிற பழக்கம் உண்டு. இந்த மாவை வறுக்கக் கூடாது. வறுத்தால் நொதி செத்துப்போகும், அரிவாள் மொட்டையாகிவிடும். அப்புறம் அது வெறும் கேழ்வரகு மாவுதான், கூழை இளக்காது. "செஞ்சு பாத்தோம், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வறுத்து அரைத்தவர்கள்தான்.

கூழ் காய்ச்சும் முறை இது. நாலு மேசைக் கரண்டி, அதாவது சுமார் 40 கிராம் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து நன்றாக வேகும்வரை காய்ச்சுங்கள். அது கேழ்வரகு மாவாகவும் இருக்கலாம், அரிசி மாவாகவும் இருக்கலாம். களி போல் கெட்டியாகிவிடும், பயப்பட வேண்டாம். இறக்கி வைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதி அடங்க வேண்டும். ஆனால் பாத்திரத்தைத் தொட்டால் இன்னும் சுட வேண்டும். இந்த நொதி 55 முதல் 70 டிகிரிச் சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். கொதிக்கிற கூழில் போட்டால் செத்துவிடும். ஆறிப்போன கூழில் போட்டால் சோம்பிப் படுத்துக்கொள்ளும்.

இந்தப் பதத்தில் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் கூழ் இளகிவிடும். இதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அப்படியே பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மறுபடி அடுப்பில் ஏற்றி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டுத்தான் இறக்க வேண்டும். ஏனென்றால் இரண்டு நாள் ஈரத்தில் இருந்த தானியத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் பெருகியிருக்கும். வேக வைக்காத முளை மாவு பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் வயிற்றுப்போக்கு வரும். சங்கிலி ஒரு முறை அறுபட்டால் மறுபடி ஒட்டாது. ஆகையால் கொதிக்க வைத்தாலும் கூழ் திரும்பக் கெட்டியாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

இறக்கியதும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ, கொஞ்சம் காய்ச்சிய பால், வேண்டுமானால் துளி வெல்லம் சேர்த்துக் கொடுங்கள். எடுத்த எடுப்பில் முழு டம்ளர் வேண்டாம். இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை. தாய்ப்பாலை இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் தொடருங்கள். காய்ச்சிய கூழை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள்.

மாவுச்சத்தால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடாது. பருப்பும் வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், 1980-களில் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயறையும் சேர்த்துக் குழந்தை உணவு தயாரித்துக் காட்டினார்கள். கேழ்வரகில் குறைவாக உள்ள புரதக் கூறு ஒன்று பயறில் நிறைய இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். வீட்டில் இரண்டு பங்கு கேழ்வரகு, ஒரு பங்கு பாசிப்பயறு என்று எடுத்து, தனித்தனியாக முளைகட்டிக் காயவைத்துச் சேர்த்து அரையுங்கள். இந்த மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கொதிநீரில் கொட்டிக் கிளறினால் நொதி வேலை செய்ய நேரம் இருக்காது. மெல்லச் சூடேறினால்தான் அது தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

முளைகட்டுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. தானியத்தின் மேல்தோலில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இரும்புச் சத்து, துத்தநாகச் சத்து இவற்றை அது கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் சாப்பிட்டாலும் அவை உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். விதை முளைக்கும்போது பைட்டேஸ் என்ற வேறொரு நொதி அந்தக் கட்டை அறுத்துவிடுகிறது. இதுவும் நீராற்பகுப்புதான். பயற்றங்கூழோடு கொஞ்சம் தக்காளியோ, ஆறியபின் சில சொட்டு எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்புச் சத்து இன்னும் நன்றாக உடம்பில் ஒட்டும்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சோளத்தை முளைகட்டிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீரில்லாமல் வாடிய சோளப்பயிரையும், அறுத்த கட்டையில் துளிர்த்த இளங்குருத்தையும் மேய்ந்த மாடு வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, நின்ற இடத்தில் விழுந்து செத்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த இளங்குருத்தில் உள்ள ஒரு பொருள் நீராற்பகுப்பு அடைந்து சயனைடு என்ற நஞ்சாகப் பிரிகிறது. சோளம் முளைக்கும்போது அதன் முளையிலும் வேரிலும் அதே பொருள் உண்டாகிறது. பாருங்கள், ஒரே நீராற்பகுப்பு கேழ்வரகில் சர்க்கரையைக் கொடுக்கிறது, சோளக் குருத்தில் நஞ்சைக் கொடுக்கிறது. ஆகவே சோளத்தை முளைகட்டாமல், மாவாக்கிச் சாப்பிடுங்கள், அதில் குற்றமில்லை.

பூசணம் பிடித்த முளையையும், புளித்த நாற்றம் அடிக்கிற முளையையும் தூக்கி எறிந்துவிடுங்கள். கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், பூசண நஞ்சு கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருந்தால், பிள்ளைக்குச் செய்த இந்த இளகிய கூழைத் தாங்களும் குடிக்க வேண்டாம். அறுபட்ட மாவுச்சத்து இரத்தத்தில் வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். பிள்ளைக்கு நல்லது என்பதால் எல்லாருக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

பிள்ளைக்கு எடை ஏறாமல் இருந்தால் அங்கன்வாடியில் மாதம் தவறாமல் எடை போட்டுப் பாருங்கள். தொடர்ந்து இளைத்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ கூழை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அங்கன்வாடியில் தருகிற சத்துமாவையும் வீணாக்காதீர்கள். அதிலும் முளைகட்டிய கேழ்வரகு மாவு சேர்ந்திருக்கிறது. சில வீடுகளில் அதை மாட்டுக்குக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். மாடு கொஞ்சம் கூடுதலாகப் பால் கறக்கலாம், பிள்ளை இழந்த வளர்ச்சி திரும்ப வராது. முதல் இரண்டு வயதில் நின்றுபோன வளர்ச்சியைப் பின்னால் எவ்வளவு ஊட்டினாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. விளைந்த கேழ்வரகை மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அந்தக் காசில் டப்பா மாவு வாங்கி வருவது பல வீடுகளில் நடக்கிறது. டப்பாவுக்குள் இருப்பதும் முளைத்த தானியந்தான். வீட்டில் கைப்பிள்ளை இருந்தால், மூட்டை கட்டுவதற்கு முன்னால் அதன் பங்காக ஒரு மரக்கால் கேழ்வரகை ஒதுக்கி வையுங்கள். விதைக்கு எடுத்து வைப்பது போல இதையும் எடுத்து வையுங்கள். இதுவும் விதைதான்.

அடுத்த முறை களத்தில் நெல் முளைத்துவிட்டால் மனம் வருந்தத்தான் செய்யும். ஆனால் அந்த முளைக்குள்ளே ஓர் அரிவாள் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நம் பிள்ளையின் கிண்ணத்துக்கு வேலை செய்ய வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.